வீட்டுத் தின்பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி லேபிள்: நான் செய்த முறையும் வீகன் முத்திரையும்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டிலிருந்தே வேர்க்கடலை உருண்டை, கேழ்வரகு உருண்டை, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் தொக்கு ஆகிய மூன்றையும் செய்து விற்கிறோம். பெரியம்மா செய்வார், லேபிளும் கணக்கும் என் பொறுப்பு. முதல் தடவை அடித்த 500 ஸ்டிக்கரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்தச் செலவு உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு எண்ணை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எந்தக் குறி என்று முடிவு செய்யுங்கள்

பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் புள்ளிதான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக அதை முக்கோணமாக்கினார்கள். பழைய மாதிரியைப் பார்த்துப் பழுப்புப் புள்ளி போட்டுவிடாதீர்கள்.

வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத நனிசைவம், வேறு கணக்கு. நம் ஆற்காடு மக்கன் பேடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோவா இருக்கிறது. பால் பொருளுக்குப் பச்சைப் புள்ளி உண்டு, வீகன் முத்திரை கிடையாது. தேனுக்கும் அப்படித்தான். சில மிட்டாய்களுக்குப் பளபளப்புக் கொடுக்கும் அரக்கு, அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. லேபிளில் ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) 904 என்றிருக்கும். சட்டத்தில் அதற்கு விலக்கு இருப்பதால் பச்சைப் புள்ளி போடலாம், ஆனால் அது வீகன் ஆகாது. முட்டை சேர்ந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அசைவம்.

2. செய்முறையை அடுப்படியில் நின்று எழுதுங்கள்

நான் பெரியம்மாவிடம் வாய்மொழியாகக் கேட்டு, "வேர்க்கடலை, வெல்லம், ஏலக்காய்" என்று எழுதிவிட்டேன். அப்புறம் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, உருண்டை பிடிக்கும்போது கையில் நெய் தொட்டுக்கொள்கிறார். தட்டிலும் நெய்தான் தடவுகிறார். அவரைப் பொறுத்தவரை அது சேர்மானமே இல்லை, கைப்பழக்கம். ஆனால் வீகன் விதிப்படி தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்கிலிருந்து வந்த பொருள் இருக்கக் கூடாது, தயாரிப்புக்குத் துணையாகப் பயன்படுத்துவது உட்பட. அது போக, பால் ஒவ்வாமை உள்ளவர் அந்த லேபிளை நம்பி வாங்கியிருந்தால்? இப்போது கடலை எண்ணெய்தான் தொட்டுப் பிடிக்கிறார். பிடிபட நாலு நாள் ஆயிற்று, இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

கடையில் வாங்கும் மசாலாத் தூள், கேக் மாவு, பூச்சுச் சாக்லேட் போன்ற கலவைகளில் இந்த எண்களைத் தேடுங்கள். ஐ.என்.எஸ். 120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், அது இருந்தால் பச்சைப் புள்ளியே போட முடியாது. 471-ம் 631-ம் தாவர வழியிலும் வரும், விலங்கு வழியிலும் வரும். "எல்லாம் சைவம்தாங்க" என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒரு மொத்த வியாபாரி எனக்கு மூன்று வாரம் போக்குக் காட்டினார். நான் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினேன்.

3. அளவைக் கணக்கிடுங்கள்

புள்ளியின் அளவு, பொட்டலத்தின் முதன்மைப் பக்கத்தின், அதாவது வாங்குபவர் கண்ணில் முதலில் படும் லேபிள் பகுதியின், பரப்பைப் பொறுத்தது. 100 சதுர செ.மீ. வரை புள்ளியின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. 500 வரை 4, 2500 வரை 6, அதற்கு மேல் 8. சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம், விட்டத்தைப் போல இரு மடங்கு.

அட்டைப் பெட்டி என்றால் பெரிய பக்கத்தின் நீள அகலத்தைப் பெருக்கி, அதில் 40 சதவீதம் எடுக்க வேண்டும். 20-க்கு 15 செ.மீ. பெட்டிக்கு 120 வருகிறது, ஆகவே 4 மி.மீ. உருளை பாட்டில் என்றால் உயரத்தைச் சுற்றளவால் பெருக்கி 20 சதவீதம். எங்கள் தொக்கு பாட்டில் 10 செ.மீ. உயரம், 22 செ.மீ. சுற்றளவு, 44 வருகிறது. 3 மி.மீ. போதும், ஆனாலும் நான் 4 போடுகிறேன். காரணம் அடுத்த படியில்.

4. வரைதல், அச்சிடுதல்

என் 500 ஸ்டிக்கர் போனது இங்கேதான். கணினியில் சரியாக 3 மி.மீ. வரைந்தேன். அச்சில் 2.7 வந்தது. அச்சு அமைப்பில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பது தானாகவே தேர்வாகி இருந்ததால் மொத்த லேபிளும் சுருங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு "உண்மை அளவு" அல்லது 100 சதவீதம் என்று வையுங்கள். முதலில் ஒரே ஒரு தாள் அடித்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கணினி மென்பொருள்தான் நல்லது என்பேன். இலவசம், அலகை மி.மீ. என்று மாற்றிவிட்டால் சொன்ன அளவில் நிற்கும். இணையத்தில் கிடைக்கும் புள்ளிப் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள், ஓரம் மங்கும்.

கறுப்பு மட்டும் அடிக்கும் தெர்மல் பிரிண்டர் விலை குறைவு என்று வாங்கினால் பச்சைக் குறி கறுப்பாக வரும், அது செல்லாது. பச்சைக் குறியை முன்பே அச்சடித்த ஸ்டிக்கர் ரோல் வாங்கி, தேதியும் விலையும் மட்டும் அதில் அடிக்கிறேன். வீட்டு இங்க்ஜெட் வேண்டவே வேண்டாம். வேலூர் மே மாத வெயிலில் கடை வாசலில் தொங்கிய பாக்கெட்டில் பச்சை வெளிறிப்போனது. எண்ணெய்க் கை பட்டாலும் கரைகிறது.

குறி முன்பக்கத்தில், பொருளின் பெயருக்கு அருகில் இருக்க வேண்டும். பின்பக்கம் போடக் கூடாது.

5. வீகன் முத்திரை

பச்சை நிற ஆங்கில 'வி' எழுத்தும் இலையுமாக உள்ள முத்திரையை நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. 2022-ல் வந்த வீகன் உணவு ஒழுங்குமுறைப்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஒப்புதல் வேண்டும். அதே பாத்திரங்களை மற்ற பண்டங்களுக்கும் பயன்படுத்தினால் வீகன் பொருளுக்கு முன் முழுதாகக் கழுவ வேண்டும், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். இரண்டாம் படியில் சேர்த்த கோப்பு இங்கே உதவும். சூரியகாந்திப் பூ உள்ள முத்திரை, 1944-ல் தொடங்கிய பிரிட்டன் வீகன் சொசைட்டியுடையது. அது தனியார் சான்று, அது இருந்தாலும் நம் பச்சைப் புள்ளி கட்டாயம்.

நாங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதனால் லேபிளில் "வீகன்" என்ற சொல்லே இல்லை. சேர்மானப் பட்டியல் மட்டும் முழுதாக இருக்கிறது.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டார், பெருங்காயம் சைவம்தானே என்று. ஆமாம், வீகனுக்கும் பொருந்தும். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். அதை ஒவ்வாமைக் குறிப்பில் எழுத வேண்டும். எங்கள் தொக்கு லேபிளில் அது விடுபட்டிருந்தது, அவர் கேட்ட பிறகுதான் கவனித்தேன். புது ரோலில் "கோதுமை உள்ளது" என்று சேர்த்துவிட்டோம். பழைய பாட்டில்களில் கையால் எழுதி ஒட்டினோம்.