முதல் ஜாஸ்-பாப் ஆல்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சளி பிடித்த அன்று பாடாதீர்கள், வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ரெக்கார்டிங் முடிந்த பிறகே தெரியவரும் தவறுகள் வேறு. சிங்கப்பூரில் முதல் ஆல்பம் செய்ய வருபவர்கள், குறிப்பாகக் கர்நாடக சங்கீதம் கற்று ஜாஸ் பக்கம் வருபவர்கள், இவற்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

கீயை (பாட்டின் சுருதியை) முடிவு செய்யாமல் பேண்டை உட்காரவைப்பது

பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான். ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் முழுக்கத் தவிர்த்துவிடலாமே!

கச்சேரிப் பழக்கத்தில் சுருதி ஆளுக்கு ஒன்று. பெண் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண் என்றால் ஒன்று, ஒன்றரை. எந்த உருப்படியானாலும் அதே சுருதி. ஜாஸ்-பாப்பில் ஒரு மெட்டு ஆதார ஸ்வரத்துக்கு மேலே ஓர் ஆக்டேவ் முழுக்க ஏறும். இன்னொன்று அதற்குக் கீழே இறங்கி அங்கேயே சுற்றும். அதனால் கீ பாட்டுக்குப் பாட்டு மாறும். லீட் ஷீட்டில் (மெட்டும் கார்டுகளும் எழுதிய தாளில்) அச்சாகியிருப்பதை அப்படியே எடுப்பதும் தவறு. அவை பெரும்பாலும் வாத்தியம் வாசிப்பவர்களுக்கு வசதியானவை. பெண்குரலுக்கு ஒரு மத்தியமமோ பஞ்சமமோ இறக்க வேண்டிவரும்.

பிறகு சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பியானோ, பேஸ், டிரம்ஸ் ஒன்றாக வாசிக்கும்போது ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கிலும் விழும். மென்பொருளில் கீயை இறக்கினால் சிம்பல் கரகரக்கும், பேஸின் முதல் தட்டல் மழுங்கும். கடைசியில் ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர்களின் சம்பளம், பியானோ ட்யூனிங் எல்லாம் இரண்டாம் முறை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்டூடியோவை புக் செய்வதற்கு முன் பியானோ வாசிப்பவருடன் உட்காருங்கள். ஒவ்வொரு பாட்டையும் மூன்று கீயில் பாடுங்கள்: நீங்கள் நினைத்தது, அரை ஸ்வரம் கீழே, அரை ஸ்வரம் மேலே. முழுக்குரலில், உண்மையான வேகத்தில், முதலிலிருந்து முடிவு வரை. பல்லவியை மட்டும் பாடிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், கடைசிச் சுற்றில்தான் தொண்டை உண்மையைச் சொல்லும். ஃபோனில் பதிந்து மறுநாள் காலை கேளுங்கள். தொட்டுவிட்டு வரும் உச்ச ஸ்வரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நின்று பிடிக்க வேண்டிய உச்ச ஸ்வரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, மிகத் தாழ்ந்த வரியில் சொற்கள் தெளிவாக விழுகின்றனவா என்று பாருங்கள்.

அதன்பின் மற்றவர்களையும் கேளுங்கள். நான்கு தந்தி டபுள் பேஸின் கனத்த தந்தி ஈ (E என்ற ஸ்வரம்). உங்கள் கீ ஈ பிளாட் (ஈ-க்கு அரை ஸ்வரம் கீழே) என்றால் அதன் ஆதார ஸ்வரம் மேல் ஆக்டேவில்தான் கிடைக்கும், மெதுவான பாட்டில் அடித்தளம் லேசாகிவிடும். அரை ஸ்வரம் ஏற்றி ஈ-யில் வைத்தால் டிரம்பெட்டுக்கும் டெனர் சாக்ஸஃபோனுக்கும் ஆறு ஷார்ப் உள்ள கீ வரும், வாசிப்பது கடினம். இப்படிப்பட்ட ஹார்ன் (ஊதுவாத்தியம்) இல்லாத பாட்டுக்கு ஈ. இருந்தால், குரல் இடங்கொடுக்கும் பட்சத்தில், எஃப்.

வழிகாட்டிக் குரலை அதே அறையில் பாடுவது

பேண்டுக்காகத் தோராயமாகப் பாடும் அந்தக் குரல் பியானோ மைக்கிலும் டிரம்ஸ் மைக்கிலும் புகுந்துவிடும். பின்னர் நல்ல டேக் வைத்தாலும் பழையது அடியில் மெலிதாகக் கேட்கும். தனி பூத்தில் நின்று பாடுங்கள்.

ஏர்கான்

அறை ரெக்கார்டிங் குளிருக்கு வந்து நிலைத்த பிறகே பியானோ ட்யூனரை அழையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ட்யூன் செய்துவிட்டு ஏர்கானைப் போட்டால் சுருதி நகர்ந்துவிடும்.

குறில் மேல் நீண்ட ஸ்வரம்

தமிழ் வரி எழுதினால் நீளும் ஸ்வரம் நெடிலில் விழட்டும்.

பழைய பாட்டை அனுமதியின்றி மாற்றுவது

இருக்கும் பாட்டை உள்ளபடி பாடி வெளியிட ஒரு உரிமம். வரியை மாற்றவோ மொழிபெயர்க்கவோ உரிமையாளரின் தனிச் சம்மதம் வேண்டும். சொந்தப் பாட்டு என்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மொத்தம் 100 வரவேண்டும். பிறகு காம்பஸில் (சிங்கப்பூரின் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான COMPASS) உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள்.

அட்டைப்படம்

2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூர் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை படம் எடுத்தவருக்கே. எடுப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுத் தேதி

ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்ப வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொள்வது நல்லது.

சத்தம்

அதிகச் சத்தமான பாட்டை ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு, LUFS) அளவுக்கு இறக்கிவிடும். மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில்) அமுக்கி ஏற்றினால் பிரஷ்ஷால் மெதுவாக வாசிக்கும் டிரம்ஸின் உயிர்தான் போகும்.