ரிசல்ட் நாளில் யாரோடு யாரை ஒப்பிடுகிறோம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி ‘எவ்வளவு?’. அடுத்தது, ‘சித்தப்பா பையன் எவ்வளவு?’. பிள்ளையின் முகம் வாடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ரேங்க் பட்டியல் இன்னும் ஓடுகிறது.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. தன் திறமையை அளக்க வேறு வழி இல்லாதபோது மனிதர் சக மனிதரைப் பார்த்தே அளந்துகொள்கிறார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். அதிலும் தனக்கு நெருக்கமான நிலையில் இருப்பவரோடுதான் என்றார். நாம் தவறுவது இங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்து டியூஷன் போன பிள்ளையையும், மாலையில் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்ற பிள்ளையையும் ஒரே எண்ணை வைத்து எடைபோடுகிறோம்.

இன்னொரு தவறு, எப்போதும் மேலேயே பார்ப்பது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து ஆய்வு செய்தார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியுடன் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தவறிப்போன தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரருக்கோ பதக்கம் கிடைத்ததே பெரிது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 600-க்கு 570 வாங்கிய பிள்ளை அழுவதும் இப்படித்தான். அந்த நேரத்தில் ‘இன்னும் பத்து மார்க் வந்திருந்தா...’ என்று பெரியவர்களும் சேர்ந்துகொள்வது கொடுமை.

சரி, கீழே பார்த்து ஆறுதல் சொல்லலாமா? ‘எதிர்வீட்டுப் பையன் ஃபெயில், நீ எவ்வளவோ பரவாயில்லை’ என்பதும் வேண்டாம். இன்னொருவர் விழுந்தால்தான் தனக்கு நிம்மதி என்று பிள்ளை பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்துவது ‘அக்காவைப் பாரு’ என்பதுதான். சொந்தக்காரரின் பிள்ளையை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கிறோம், அக்காவோடு தினமும் ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும். சந்தேகம் கேட்கப் போயிருக்க வேண்டிய ஆளிடமிருந்தே தம்பி விலகிப்போகிறான்.

மற்றவரிடம் கேட்டே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு வாங்கினாய் என்பதை விட்டு, வேதியியலை எப்படிப் படித்தாய் என்று கேட்கச் சொல்லுங்கள். அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். பிள்ளையின் காலாண்டு, அரையாண்டு மார்க்கைப் பொதுத்தேர்வு மார்க்கோடு வைத்துப் பாருங்கள், எந்தப் பாடம் ஏறியது, எது இறங்கியது என்று தெரியும். நன்றாக எழுதியும் மார்க் குறைந்ததாகத் தோன்றினால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். அதற்குத் தருவது சில நாட்கள்தான், கடைசித் தேதியைப் பள்ளியில் கேட்டுவிடுங்கள். ஒரு பாடம் போயிருந்தால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு, அதற்கும் உடனே பெயர் கொடுக்க வேண்டும்.