பிரஸ் இல்லாமல் லினோ அச்சு: வகுப்பும் எடுக்கலாம், நம் வேலையும் நடக்கும்

ஓவியக் கல்லூரியில் கிராஃபிக்ஸ், அதாவது அச்சு ஓவியம், படித்து முடித்து வெளியே வந்ததும் முதலில் கைவிட்டுப் போவது அச்செடுக்கும் இயந்திரமான பிரஸ்தான். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி ஸ்டுடியோ உண்டு, மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வது? வயிற்றுப்பாட்டுக்கு வகுப்பெடுக்கப் போய், கொஞ்ச நாளில் சொந்த வேலையே நின்றுபோகிறது. லினோ என்ற விரிப்பைச் செதுக்கி, இங்க் தடவி, தாளில் கையாலேயே அச்செடுக்கும் முறையில் இறங்கினால் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்புக்கு ஆளுக்கு உள்ளங்கை அளவு லினோ போதும். ஆளி விதை எண்ணெயும் கார்க் தூளும் சேர்த்துச் சணல் துணிமேல் படியவைத்த பொருள் இது, பழசானால் இறுகி உதிரும். வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் இளகிவிடும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்!

முகம் வரைய விடாதீர்கள். இலை, மீன், செருப்பு போதும். பெயர் செதுக்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், ஆனால் எழுத்து இடவலம் மாறி விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காகிதத்தில் வரைந்து, அதைக் குப்புறத் திருப்பி, கார்பன் தாள் வைத்து லினோவில் இறக்கினால் நேராக வரும்.

செதுக்குவதில்தான் நேரம் போகும், போகட்டும். வி உளி கோட்டுக்கு, யூ உளி பெரிய இடத்தை எடுக்க. உளியைச் செங்குத்தாகப் பிடித்தால் சணல்வரை குத்திவிடும், தாழ்த்திப் பிடித்து மெதுவாகத் தள்ள வேண்டும். வளைவு வந்தால் கையைத் திருப்பாமல் லினோப் பலகையைத் திருப்புங்கள். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இந்த ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள், ஏனென்றால் நழுவும் உளி நேராகப் போய் இறங்குவது முன்னால் இருக்கும் விரலில்தான்.

இங்க் தடவும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தண்ணீரில் கரையும் இங்க் நம் சூட்டில், ரோலரால் பரப்பும் கண்ணாடிமேலேயே காய்ந்துவிடும். ரோலரை உருட்டும்போது சன்னமாகச் சரசரவென்று கேட்டால் பதம் சரி, சளசளவென்று ஈரச் சத்தம் வந்தால் இங்க் அதிகம், மெல்லிய கோடெல்லாம் அடைபட்டுப் போகும். அப்புறம் இங்க் ஏறிய லினோமேல் தாளை வைத்து, அது நகராமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். ரொம்பத் தடித்த தாள் கரண்டிக்கு மசியாது.

பிள்ளைகள் செதுக்கும்போது சும்மா சுற்றி வராதீர்கள். நீங்களும் அதே மேஜையில் உட்கார்ந்து உங்கள் பலகையைச் செதுக்குங்கள். சாந்திநிகேதனில் படித்த அச்சு ஓவியர் கிருஷ்ண ரெட்டி 1940களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்தவர். பிறகு பாரிஸில் ஹெய்டர் என்பவர் நடத்திய அடெலியே 17 என்ற அச்சுப் பட்டறைக்குப் போனார், அங்கே வாத்தியாரும் வந்தவர்களும் ஒன்றாகவே வேலை பார்த்தார்கள். இங்கில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, கெட்டி ரோலர், மெத்து ரோலர் என்று மாற்றி உருட்டி, ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே தடவையில் எடுக்கும் விஸ்காசிட்டி முறை அப்படிப்பட்ட பட்டறையில்தான் உருவானது. நீங்கள் தடுமாறுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும், அது போர்டில் எழுதிப் போடுவதைவிட நன்றாக ஏறும்.

கொஞ்சம் கை பழகியவர்களுக்கு ரிடக்‌ஷன் முறை. பிக்காசோ 1950களின் இறுதியில் பிரான்சின் வல்லோரிஸில் லினோவில் இதைத்தான் செய்தார். ஒரே பலகை, முதலில் வெளிர் நிறத்தை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, மறுபடி செதுக்கி, அடுத்த நிறத்தை அதன்மேல் அடிக்க வேண்டும். முதல் நிறத்துக்குத் திரும்பவே முடியாது, ஆகவே பத்துப் பிரதி வேண்டுமானால் பதினைந்து தாளில் தொடங்குங்கள். அட்டையில் எல் வடிவ மூலை ஒட்டிக்கொண்டு, பலகையையும் தாளையும் ஒவ்வொரு தடவையும் அதில் பொருத்தி வைத்தால் நிறம் விலகாது.

அச்சு காய்ந்ததும் பென்சிலில், கீழே இடப்பக்கம் 3/10 (பத்துப் பிரதியில் மூன்றாவது) மாதிரி எண், வலப்பக்கம் கையெழுத்து. பத்து என்று போட்டுவிட்டுப் பதினோராவதை விற்பது மோசடி, இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். எண்ணெய் இங்க் என்றால் காய நாள் கணக்கில் ஆகும், கொடிகட்டி கிளிப்பில் தொங்கவிடுங்கள். கண்ணாடியையும் ரோலரையும் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினாலே போதும். ரோலரை மட்டும் முகம் கீழே படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள், ரப்பர் ஒருபக்கம் தட்டையாகிவிட்டால் புதிதுதான் வாங்க வேண்டும்.