காக்டெயில் கிளியின் நகத்தை வீட்டிலேயே வெட்டுவது எப்படி?

நகவெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன், வெட்டத்தான் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளியைச் சமமான மேசையின் மீது நிற்க வைத்து, உங்கள் கண் மேசை மட்டத்துக்கு வரும்படி குனிந்து அதன் விரல்களைக் கவனியுங்கள். விரலின் அடிப்பகுதி முழுவதும் மேசையில் படிந்திருந்தால் நகம் சரியான நீளத்தில் இருக்கிறது. நகம் ஊன்றிக்கொண்டு விரல் நுனியை மேலே தூக்கினாலோ, பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ, தோளிலிருந்து எழும்போது சட்டை நூலில் சிக்கி இழுத்தாலோ வெட்டும் நேரம் வந்துவிட்டது. நம் கையில் கீறுகிறது என்பது மட்டுமே குறை என்றால், கூர்முனையை நகம் தேய்க்கும் அட்டையால் லேசாக மழுக்கினாலே போதும். பறக்கப் பழகும் குஞ்சுகளின் நகத்தைத் தொடவே வேண்டாம். தடுமாறி இறங்கும்போது அவற்றுக்குப் பிடிமானம் தருவது அந்தக் கூர்மைதான்.

இந்த விளக்கம் காக்டெயில் கிளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் நம் கடைகளில் விற்கப்படும் பட்ஜெரிகர் பறவைகளுக்கும் பொருந்தும். நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கிளியின் நகத்துக்குள் பாதி தூரத்துக்கும் மேலாக ஒரு இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர் நிற நகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும்; கறுத்த நகத்தில் தெரியாது. அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டினால் வலிக்கும், இரத்தமும் வரும். ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள காக்டெயிலின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 9 மில்லிதான். ஆரோக்கியமான பறவை ஓரிரு சொட்டு இழப்பதால் ஆபத்தில்லை என்றாலும், நிற்காமல் வடிந்துகொண்டே இருந்தால் அது உயிருக்கே கேடாக முடியும்.

வெட்டும் நாளுக்குப் பல நாட்கள் முன்பிருந்தே பழக்கத் தொடங்குவதுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன். கிளி உங்கள் விரலில் அமர்ந்திருக்கும்போது கட்டைவிரலால் அதன் கால் விரலை ஒரு நொடி தொட்டுவிட்டு, அதற்குப் பிடித்த தினைக்கதிரில் ஒரு கொத்தைக் கொடுங்கள். அது காலை இழுத்துக்கொள்ளாத நிலை வந்த பிறகு, விரலை மெல்லத் தூக்கிப் பிடிக்கவும், நகவெட்டியை வெறுமனே நகத்தில் வைத்து எடுக்கவும் பழக்குங்கள். நகவெட்டியின் சத்தம்கூட அதற்குப் பழக வேண்டும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. கூர்மையான, சுத்தமான சிறிய நகவெட்டி ஒன்று, நகம் தேய்க்கும் அட்டை, ஒரு கிண்ணத்தில் கார்ன் ஃப்ளவர் மாவு, இழை தூக்கி நிற்காத மெல்லிய பருத்தித் துண்டு ஆகியவை போதும். மழுங்கிய நகவெட்டி நகத்தை வெட்டாமல் நசுக்கிப் பிளந்துவிடும். சன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்தி, அதன் இறக்கை முழுவதும் ஓய்ந்த பிறகே கிளியை வெளியே எடுங்கள்.

முதலில், பிடிக்காமலேயே வெட்ட முடிகிறதா என்று பாருங்கள். கிளி கூண்டின் உட்பக்கக் கம்பியைப் பற்றித் தொங்கும்போது, அதன் முன்விரல்களின் நகங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் தினைக்கதிரைக் காட்டி அதன் கவனத்தை ஈர்க்க, மற்றவர் வெளியிலிருந்தே நுனியை நறுக்கிவிடலாம். பழகிய கிளிகளுக்கு இதைவிடப் பயமில்லாத வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு இடம்கொடுக்காத கிளியைத் துண்டால் பிடிக்க வேண்டியிருக்கும். பருந்து பாய்வதுபோல் மேலிருந்து போர்த்தாமல், துண்டை அதற்குக் காட்டி, முன்புறமாகவோ பக்கவாட்டிலோ கொண்டுவந்து மெல்லச் சுற்றுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இருபுறமும் தலையைத் தாங்க, முதுகு உள்ளங்கையில் படிந்திருக்க வேண்டும். மார்பின் மீது எந்த அழுத்தமும் கூடாது. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும் என்பதால், மார்பை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் கிளிக்கு மூச்சு முட்டிவிடும். வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, உடல் துவண்டாலோ உடனே விட்டுவிடுங்கள். மீதி நகங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டுபவர் ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டும், அதன் கணுவுக்கு அருகில் இரு விரல்களால் பிடித்துக்கொள்ள வேண்டும். கிளி காலை உதறினால் எதிர்த்து இழுக்காமல் அதனுடன் சேர்ந்து கையை நகர்த்துங்கள். நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய பின் நகத்தின் வெட்டுமுனையை உற்றுப் பாருங்கள்: வெளுத்து, உலர்ந்து, சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால், தேவைப்படும் பட்சத்தில் இன்னும் சிறிது வெட்டலாம். நடுவில் ஈரமான, நிறம் மாறிய புள்ளி தென்பட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கறுத்த நகத்தில் உங்களுக்கு உள்ள ஒரே வழிகாட்டி இந்தப் புள்ளிதான். ஒவ்வொரு காலிலும் முன்னோக்கி இரண்டு, பின்னோக்கி இரண்டு என மொத்தம் 8 நகங்கள் இருக்கும். அவற்றை ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு நகங்களோடு நிறுத்திக்கொண்டாலும் நல்லதே. மிக நீண்டுவிட்ட நகத்தில் இரத்தக்குழாயும் நீண்டிருக்கும்; சில வார இடைவெளியில் நுனியை மட்டும் எடுத்துவந்தால் அது மெல்லப் பின்வாங்கும்.

இரத்தம் வந்துவிட்டால், கார்ன் ஃப்ளவர் மாவை விரலால் எடுத்து நகத்தின் வெட்டுமுனையில் வைத்து, இரண்டு நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். நின்ற பிறகு, கூண்டின் தரையில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு மணி நேரம் அமைதியாக விடுங்கள். புதிதாகக் கசிந்தால் தாளில் உடனே தெரியும். பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால், பறவைகளுக்குச் சிகிச்சையளிக்கும் கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.

வெட்டி முடித்ததும் பிடித்த தீனியைக் கொடுத்துவிட்டு, கூண்டில் உள்ள குச்சிகளையும் ஒருமுறை பாருங்கள். ஒரே பருமனான பிளாஸ்டிக் குச்சிகளில் நகம் தேயவே வழியில்லை. மருந்து தெளிக்காத கொய்யா அல்லது வேப்பங்கிளைகளை வெவ்வேறு பருமனில் கழுவிக் காயவைத்துப் பொருத்தினால், வெட்ட வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். உப்புத்தாள் உறையைக் குச்சியில் மாட்டுவதை நான் ஏற்பதில்லை. அது நகத்தைவிடப் பாதத்தின் தோலைத்தான் அதிகம் புண்ணாக்கும். குச்சிகளை மாற்றிய பிறகும் நகமும் அலகும் வழக்கத்துக்கு மாறாக வேகமாக வளர்ந்தால், அதுவும் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்று பருத்த பறவையாக இருந்தால், கல்லீரல் கோளாறு காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் நகவெட்டியை எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏனெனில் கல்லீரல் கெட்ட பறவைக்கு இரத்தம் உறைவதும் தாமதமாகலாம்.