பைத்தான் பதிவுக் கோப்பைத் தேதிவாரியாகச் சுழற்றுவது எப்படி: எடை மேடை நிரலுக்கான செய்முறை

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் எடை மேடைக்கு நான் எழுதித் தந்த நிரல், நெல் வண்டி ஒவ்வொன்றின் எடையையும் ஈரப்பதத்தையும் பதிவுக் கோப்பில் எழுதுகிறது. எடைக்கருவி நொடிக்கு நொடி அனுப்பும் அளவையும் அதிலேயே சேர்க்கிறது. தை, மாசியில் சம்பா வரத்து தொடங்கியதும் அந்தக் கோப்பு நோட்பேடில் திறக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். அதை நாள்வாரியாகப் பிரித்து (இதைத்தான் சுழற்றுதல் என்கிறேன்), பழையவற்றைத் தானாக நீக்கும் வழியை இங்கே விளக்குகிறேன். பைத்தான் நிறுவுவதும் 'லாக்கிங்' நூலகத்தில் ஒரு வரி எழுதுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: ஹேண்ட்லரைத் தேர்ந்தெடுத்தல்

பதிவு வரிகளை வாங்கிக் கோப்பில் எழுதும் பகுதிதான் ஹேண்ட்லர். சுழற்றுவதற்கென்று நூலகத்திலேயே இரண்டு ஹேண்ட்லர்கள் உள்ளன. 'ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர்' கோப்பின் அளவைப் பார்த்துச் சுழற்றும். 'டைம்டு ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர்' நேரத்தைப் பார்த்துச் சுழற்றும். ஆலைக் கணக்கு நாளை வைத்தே நடப்பதால், இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். 'லாகுரு' என்ற வெளி நூலகத்தில் இதே வேலையை இன்னும் சுருக்கமாகச் செய்யலாம். ஆனால் இணையம் வந்து வந்து போகும் ஊர்களில், பைத்தானோடு கூடவே வருவதை வைத்து வேலையை முடித்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தம்.

இரண்டாம் படி: அமைப்புகள்

'வென்' என்பதற்கு 'மிட்நைட்' என்றும், எத்தனை பழைய கோப்புகளை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் 'பேக்அப்கவுன்ட்' என்பதற்கு 60 என்றும், 'என்கோடிங்' என்பதற்கு 'யுடிஎஃப்-8' என்றும் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், விண்டோஸ் கணினியில் விவசாயியின் பெயரைத் தமிழில் எழுதும்போது பிழை எழுந்து அந்த வரியே பதிவாகாமல் போகக்கூடும். 'பேக்அப்கவுன்ட்' பூஜ்யமாக இருந்தால் இந்த ஹேண்ட்லர் எதையும் நீக்காது.

அறுவடைக் காலத்தில் வண்டிகள் விடிய விடிய வருவதால், நள்ளிரவில் கோப்பை வெட்டினால் ஓர் இரவின் வரத்து இரண்டு கோப்புகளில் சிதறும். 'அட்டைம்' என்பதற்குக் காலை 6 மணியைக் கொடுத்தால், 'மிட்நைட்' என்று எழுதியிருந்தாலும் சுழற்சி 6 மணிக்கே நடக்கும். மூடப்படும் கோப்புக்கு அந்த நாள் தொடங்கிய தேதியே பெயராக வரும். ஆனால் 6 மணி அடித்தவுடன் எதுவும் நடக்காது. அதற்குப் பிறகு முதல் வரி எழுதப்படும்போதுதான் ஹேண்ட்லர் நேரத்தைச் சரிபார்க்கும். அந்த நேரத்தில் மின்சாரம் இல்லாமல் 9 மணிக்குக் கணினியைத் திறந்தாலும், கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கொண்டு கணக்கிட்டு, முதல் வரியிலேயே சுழற்றிவிடும்.

மூன்றாம் படி: பெயரை மாற்றுதல்

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். ஹேண்ட்லர் தானாக வைக்கும் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வரும். கணக்குப் பிள்ளைக்கோ நாள், மாதம், ஆண்டு என்றுதான் வேண்டும். 'சஃபிக்ஸ்' என்ற பண்பை மாற்றினால் பெயர் உடனே மாறிவிடும். ஆனால் பழைய கோப்புகள் நீக்கப்படுவதும் அத்தோடு நின்றுவிடும். எவை பழைய கோப்புகள் என்று கண்டுபிடிக்க, ஹேண்ட்லர் 'எக்ஸ்ட்மேட்ச்' என்ற தனி வடிவத்தோடு பெயர்களை ஒப்பிடுகிறது. அந்த வடிவத்தில் ஆண்டுதான் முதலில் நிற்கிறது.

சரி, 'எக்ஸ்ட்மேட்ச்' வடிவத்தையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று தோன்றும். அது இன்னும் ஆபத்தானது. நீக்க வேண்டியவற்றைத் தேர்வு செய்ய ஹேண்ட்லர் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கி, முன்னால் நிற்பவற்றை நீக்குகிறது. அந்த வரிசையில் 01-02-2025 என்பது 15-01-2025க்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே பிப்ரவரி முதல் தேதியின் கோப்பு போய், ஜனவரிக் கோப்பு தங்கிவிடும். எனவே ஆண்டை முன்னாலேயே விட்டுவிடுங்கள். கணக்குப் பிள்ளைக்கு அவர் விரும்பும் தேதி வடிவத்தில் அறிக்கையைத் தனியாக அச்சிட்டுக் கொடுப்பது எளிது.

பழைய கோப்புகளைச் சுருக்கிவைக்க விரும்பினால், ஹேண்ட்லரின் 'நேமர்' என்ற பண்பில் பெயரின் கடைசியில் 'ஜிஇசட்' நீட்டிப்பைச் சேர்க்கும் செயற்கூறையும், 'ரொட்டேட்டர்' என்பதில் கோப்பைச் சுருக்கி எழுதிவிட்டு மூலத்தை நீக்கும் செயற்கூறையும் கொடுங்கள். தேதிக்குப் பின்னால் ஒரு நீட்டிப்பு வருவதை 'எக்ஸ்ட்மேட்ச்' வடிவம் ஏற்றுக்கொள்வதால், நீக்கம் தடைபடாது. தேதியைப் பெயரின் நடுவிலோ முதலிலோ நகர்த்தும் 'நேமர்' வேறு கதை: பழைய பைத்தான் பதிப்புகள் அத்தகைய கோப்புகளை அடையாளம் காண்பதில்லை, ஆலைக் கணினிகளில் பெரும்பாலும் பழைய பதிப்புகள்தான் இருக்கின்றன.

நான்காம் படி: சோதனை

அறுபது நாள் காத்திருக்கத் தேவையில்லை. தனி அடைவு ஒன்றில் பழைய தேதிகளுடன் ஆறு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, 'பேக்அப்கவுன்ட்' மதிப்பை 3 ஆக்கி, கோப்பை உடனே சுழற்றும் 'டூ ரோல்ஓவர்' என்ற ஹேண்ட்லரின் செயற்கூறை நீங்களே அழையுங்கள். நடப்புக் கோப்பைத் தவிரத் தேதியிட்டவை மூன்று மட்டும், அவையும் மிகப் புதியவையாக, மிஞ்ச வேண்டும்.

பின்சேர்க்கை: எடை நிரலும் ரசீது அச்சிடும் நிரலும் ஒரே கோப்பில் எழுதலாமா என்று நீடாமங்கலத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். கூடாது. விண்டோஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொன்று பெயர் மாற்ற முயலும்போது, அனுமதி மறுப்புப் பிழை வந்து சுழற்சி நின்றுவிடும். நிரலுக்கு ஒரு கோப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்புதான் வேண்டுமென்றால், எழுதும் பொறுப்பை ஒரு நிரலிடம் மட்டும் விட்டு, மற்றது தன் வரிகளை, பிணைய இணைப்பில் அனுப்பும் 'சாக்கெட் ஹேண்ட்லர்' வழியாக அதற்கு அனுப்பும்படி அமையுங்கள்.