ரிமோட்டில் வந்திருப்பது எந்த எடைமேடை? பைத்தானில் ஐபி முகவரியைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு ரைஸ்மில்லை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் ஆபீஸில் ஒரு விண்டோஸ் சர்வர். மன்னார்குடியிலும் நீடாமங்கலத்திலும் ஊருக்கொரு எடைமேடை. அங்கே இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக சர்வருக்குள் வந்து, நெல் லோடுக்கு எடைச்சீட்டு போடுகிறார்கள். எந்த மேடையில் போட்ட சீட்டு என்று புரோகிராமே தெரிந்துகொண்டு தலைப்பில் அச்சடிக்க வேண்டும். இதுதான் வேலை.

புதிதாக எழுதுபவர்கள் பைத்தானின் சாக்கெட் மாட்யூலைக் கூப்பிட்டு, 'இந்தக் கம்ப்யூட்டரின் முகவரி என்ன' என்றுதான் முதலில் கேட்பார்கள். மன்னார்குடியில் ஓட்டினாலும் நீடாமங்கலத்தில் ஓட்டினாலும் ஒரே பதில்தான் வரும், சர்வரின் முகவரி. புரோகிராம் ஓடுவது தஞ்சாவூரில். எடைமேடைக்குப் போவது திரையின் படம் மட்டுமே. ஆகவே கம்ப்யூட்டரைக் கேட்காமல் செஷனை, அதாவது ஒரு யூசர் சர்வருக்குள் நுழைந்ததும் அவருக்காகத் திறக்கும் தனி அமர்வை, கேட்க வேண்டும்.

(ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல். 'சி வாய்ட் பி', 'ஸ்ட்ரிங் அட்' இரண்டிலும் மட்டும் இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு (_) போடுங்கள்.)

படி 1: பெயர் மட்டும் போதுமா?

ரிமோட் செஷனுக்குள் 'கிளையன்ட்நேம்' என்றொரு என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராம்கள் படிக்க விண்டோஸ் வைத்திருக்கும் மதிப்பு) இருக்கும். எதிர்முனைக் கம்ப்யூட்டரின் பெயர் அதில் கிடைக்கும். கம்ப்யூட்டர்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால் இத்தோடு வேலை முடியலாம். முகவரியே வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

படி 2: விண்டோஸைக் கேட்பது

விண்டோஸின் ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் சிடைப்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, 'டபிள்யூடிஎஸ்ஏபிஐ32' என்ற டிஎல்எல்லை (விண்டோஸின் ஃபங்ஷன்கள் இருக்கும் ஃபைல்) திறங்கள். அதில் 'டபிள்யூடிஎஸ் குவெரி செஷன் இன்ஃபர்மேஷன் டபிள்யூ' என்ற ஃபங்ஷனுக்கு ஐந்து மதிப்புகள் தர வேண்டும். முதலாவது 0, அதாவது இதே சர்வர். அடுத்தது -1, நான் ஓடிக்கொண்டிருக்கும் இந்த செஷன். மூன்றாவது 14, கிளையன்ட் முகவரி வேண்டும் என்பதற்கான எண் அது. கடைசி இரண்டும் விடையை வாங்கிக்கொள்ளும் பாத்திரங்கள்: ஒரு பாயின்டர், ஒரு நீள எண். ஃபங்ஷன் அவற்றில் விடையை எழுத வேண்டும் என்பதால் இரண்டையும் சிடைப்ஸின் 'பைரெஃப்' போட்டு அனுப்புங்கள். பாயின்டருக்கு 'சி வாய்ட் பி' வகைதான் சரி. சாதாரண முழு எண் வகையை வைத்தால் 64 பிட் சர்வரில் பாயின்டர் பாதியில் வெட்டுப்படும்.

ஃபங்ஷன் 0 திருப்பினால் தோல்வி. இன்னொரு யூசரின் செஷனைக் கேட்பதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

படி 3: பைட்டுகளைப் பிரிப்பது

சிடைப்ஸின் 'ஸ்ட்ரிங் அட்' கொண்டு அந்த நினைவிடத்தைப் படித்தால் 24 பைட் கிடைக்கும். எதிர்முனை 192.168.20.15 என்றால் அது இப்படித் தொடங்கும்:

2 0 0 0 | 0 0 | 192 168 20 15 …

முதல் நான்கு பைட் முகவரியின் வகை. 2 என்றால் ஐபிவி4, 23 என்றால் ஐபிவி6. மீதி 20 பைட் முகவரிக்கான இடம். ஆனால் ஐபிவி4 முகவரி அதன் தொடக்கத்திலேயே இருக்காது. இரண்டு பைட் தள்ளித்தான் தொடங்கும். பலர் தடுமாறுவது இங்கேதான், 0.0.192.168 என்று வந்து நிற்கும். ஆக, 0 முதல் எண்ணினால் 6, 7, 8, 9 ஆகிய நான்கு இடங்களை எடுத்து நடுவில் புள்ளி வைத்துச் சேருங்கள். வகை 2 இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம். சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து யாராவது ஓட்டியிருக்கலாம்.

முடிந்ததும் 'டபிள்யூடிஎஸ் ஃப்ரீ மெமரி' கூப்பிட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: எப்போது கேட்பது?

ஒவ்வொரு சீட்டு போடும்போதும். புரோகிராம் தொடங்கும்போது ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது போதாது. குறுவை அறுவடை நேரம், மன்னார்குடியில் கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். ரிமோட் துண்டிக்கும்; ஆனால் செஷன் சர்வரில் அப்படியே உயிரோடு இருக்கும். அதே யூசர் பெயரில் நீடாமங்கலத்திலிருந்து யாராவது நுழைந்தால் வழக்கமாக அந்தப் பழைய செஷனுக்குள்தான் போவார்கள். உங்கள் புரோகிராமோ மன்னார்குடி என்றே அச்சடித்துக்கொண்டிருக்கும்.

படி 5: கிடைத்த முகவரியை எவ்வளவு நம்பலாம்?

இந்த முகவரி, எதிர்முனைக் கம்ப்யூட்டர் இணையும்போது தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் உள் முகவரிதான் பெரும்பாலும் வரும். பல ரவுட்டர்கள் 192.168.1 என்றே தொடங்குவதால் இரண்டு எடைமேடையிலும் 192.168.1.5 இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மன்னார்குடிக்கு 192.168.20, நீடாமங்கலத்துக்கு 192.168.30 என்று ரவுட்டரிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். சீட்டுத் தலைப்புக்கு அது போதும். ஆனால் 'இந்த முகவரி என்றால் விலையைத் திருத்தலாம்' என்று அனுமதி கொடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். கிளையன்ட் பொய் சொன்னாலும் சர்வர் அதை அப்படியே உங்களிடம் ஒப்பிக்கும்.

சர்வர் தன் கண்ணால் பார்த்த முகவரி வேண்டுமென்றால் ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் காட்டும் இடம்) டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் பதிவைத் திறங்கள். அதில் ஈவன்ட் எண் 21 என்றால் புதிதாக நுழைந்தது, 25 என்றால் பழைய செஷனில் மறுபடி சேர்ந்தது. இரண்டிலும் செஷன் எண்ணோடு, இணைப்பு எங்கிருந்து வந்தது என்ற முகவரியும் இருக்கும்.