இரட்டை என்ஜின் வேகப்படகு: டிரைவிலும் ப்ரொப்பெல்லரிலும் காசு கரையும் இடங்கள்

புளோரிடா கரையிலோ மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியிலோ கோடைக்காலத்தில் படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “உங்களுடையது எத்தனை பிட்ச்? எத்தனை மைல் போகிறது?” கேட்டவர் அடுத்த வாரமே அதே பிட்ச்சில் ஒரு ஜோடி ப்ரொப்பெல்லர் வாங்கி மாட்டுவார். படகு முன்பைவிட மெதுவாக ஓடும். இரண்டு படகும் ஒரே நீளம், ஒரே என்ஜின் என்றாலும் எடை, ப்ரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்கு என்ஜின் எத்தனை சுற்று சுற்றும் என்ற கியர் ரேஷியோ, என்ஜின் சக்தியைப் ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் டிரைவ் நிற்கும் உயரம் எல்லாம் வேறு வேறு. அடுத்தவர் சட்டையை அளவு பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு முழுச் சுற்றில் ப்ரொப்பெல்லர், மரத்தில் இறங்கும் திருகாணி போல எத்தனை அங்குலம் முன்னேறுமோ அதுவே பிட்ச். என்ஜினின் ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, கியர் ரேஷியோவால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1056ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 5200 ஆர்பிஎம், 1.5 ரேஷியோ, 28 அங்குலப் பிட்ச் என்றால் சுமார் 92 மைல். தண்ணீர் மரமல்ல, வழுக்கும். அதனால் இது ஏட்டுக் கணக்கு. ஜிபிஎஸ்ஸில் 80 மைல் காட்டினால் வழுக்கல், அதாவது ஸ்லிப், ஏறக்குறைய 13 சதவீதம். நல்ல வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகுக்கு அது நியாயமான அளவுதான். அதே ஆர்பிஎம்மில் 70 மைல்தான் காட்டுகிறது என்றால் ஸ்லிப் 24 சதவீதம். இங்கேதான் பலர் பிட்ச்சைக் கூட்டப் போகிறார்கள். பிடிப்பு இல்லாத ப்ரொப்பெல்லருக்குப் பிட்ச்சைக் கூட்டி என்ன பயன்? இறக்கையின் வடிவமோ எண்ணிக்கையோ விட்டமோ டிரைவின் உயரமோ அங்கே தவறாக இருக்கிறது.

கணக்கில் ஸ்லிப் 2 சதவீதம் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் பொய் சொல்கிறது, அல்லது நீங்கள் நினைத்த ரேஷியோ உங்கள் டிரைவில் இல்லை. பழைய படகு வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் உடைந்த ஒரு டிரைவை மட்டும் மாற்றியிருப்பார். கைக்குக் கிடைத்தது 1.36. இன்னொரு பக்கம் பழைய 1.5. இரண்டு என்ஜினையும் 4000 ஆர்பிஎம்மில் சமமாக வைத்தால் ஒரு ப்ரொப்பெல்லர் 2940 சுற்றும், மற்றது 2670 சுற்றும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று ஓட்டம், ஒன்று நடை. படகு ஒரு பக்கம் இழுக்கும். ஆள் ஸ்டீயரிங்கைத் திட்டுவார். டிரைவைக் கழற்றும்போது உள்ளே போகும் ஷாஃப்டைக் கையால் மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் ரேஷியோ 1.5.

என்ஜினுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முழு த்ராட்டிலில், தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் வரம்பின் மேல் பகுதியை அது எட்ட வேண்டும். பிட்ச்சில் ஒரு அங்குலம் கூடினால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும். கால் டாங்க் பெட்ரோலோடு, தனியாளாக, குளிர்ந்த காலையில் சோதித்துவிட்டு “சரி, பொருந்திவிட்டது” என்று சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆறு பேரும் ஐஸ் பெட்டியும் ஏறிய மத்தியானத்தில் அதே என்ஜின் 400 சுற்று குறைவாக மூச்சு வாங்கும். டாப் கியரில் மேடு ஏறும் லாரியின் நிலைமைதான் அதற்கு.

அப்புறம் சுற்றும் திசை. வழக்கமாகப் பின்னாலிருந்து பார்த்தால் வலது ப்ரொப்பெல்லர் கடிகாரத் திசையிலும் இடது அதற்கு எதிராகவும், அதாவது மேல் இறக்கைகள் வெளிப்பக்கம் போகும்படி சுற்றும். துறையில் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டுப் படகைத் திருப்பும்போது, ப்ரொப்பெல்லரின் பக்கவாட்டு இழுப்பும் அந்தத் திருப்பத்துக்கே உதவும். உள்பக்கம் சுற்றவிட்டால் சில படகுகள், முக்கியமாக இரட்டை அடிப்பாகம் கொண்ட சில கேட்டமரான்கள், கொஞ்சம் வேகம் கூடுவது உண்மை. ஆனால் துறையில் அந்த உதவி எதிரியாகிவிடும். இரண்டு மைலுக்காக ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துப் படகில் இடிப்பது நல்ல பேரம் இல்லை.

திசை மாற்றுவதில் இன்னொரு வில்லங்கம். மெர்க்குரியின் பிராவோ ஒன் டிரைவ் எந்தத் திசையிலும் சுற்றக்கூடியது. கியர் மாற்றும் ஷிஃப்ட் கேபிளின் இணைப்பை மாற்றினால் போதும். ப்ரொப்பெல்லரை மட்டும் இடம் மாற்றிவிட்டு கேபிளை மறந்தவர், முன் கியரைப் போட்டதும் படகு பின்னால் போவதைப் பார்ப்பார்.

டிரைவின் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்ப் பகுதி தண்ணீரில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, இழுவை அவ்வளவு குறையும். அதனால் உயர்த்தினால் வேகம் கூடும். இந்த ஆசையில் ஒரேயடியாக இரண்டு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். மூன்று இறக்கை ப்ரொப்பெல்லர் உடனே காற்றை உறிஞ்சிக்கொண்டு வெறுமனே சுற்றும். மேற்பரப்புக்கு அருகில் ஓட நான்கோ ஐந்தோ இறக்கை வேண்டும். எப்போதும் இரண்டு இறக்கையாவது தண்ணீரைப் பிடித்திருக்கும். அதைவிட ஆபத்து, என்ஜினைக் குளிர்விக்கும் நீரைப் பக்கவாட்டுத் துளைகளில் எடுக்கும் சாதாரண டிரைவை உயர்த்துவது. அந்தத் துளைகள் காற்றைக் குடித்தால் என்ஜின் வெந்துபோகும். வேகத்துக்காகச் செய்த ஸ்போர்ட்மாஸ்டர் போன்ற கீழ்ப் பகுதிகளில் நீர் எடுக்கும் துளை, முன்முனையான மூக்கின் அடியில் இருப்பது இதற்காகத்தான். நீரழுத்த மீட்டர் பொருத்தாமல் டிரைவை உயர்த்தக் கூடாது. அரை அங்குலம் உயர்த்துங்கள், ஓட்டுங்கள், அழுத்தத்தைப் பாருங்கள். மழுங்கிய மூக்குள்ள டிரைவோடு சுமார் 80 மைலைத் தாண்டினால், மூக்கைச் சுற்றி உருவாகும் குமிழிகள் ப்ரொப்பெல்லருக்குப் போய் பிடி சட்டென்று விட்டுப்போகலாம். அந்த வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடி விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி டிரைவின் பலம். குதிரைத்திறனை மட்டும் பார்த்து டிரைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கியர் பல்லை உடைப்பது முறுக்கு விசையும் படகின் எடையும். அலையில் படகு எழும்பும்போது ப்ரொப்பெல்லர் வெளியே வந்து வெறியோடு சுற்றும். த்ராட்டிலை இறக்காமல் அப்படியே தண்ணீரில் விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களில் இறங்கும். என்ஜினை மட்டும் டியூன் செய்து 200 குதிரை கூட்டிவிட்டு பழைய டிரைவையே வைத்திருப்பவர் அடுத்த செலவுக்கும் பணம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மெர்க்குரி ரேசிங் தன் 1350 குதிரைத்திறன் என்ஜினோடு எம்8 என்ற தனி டிரைவைத் தருவது அலங்காரத்துக்கு இல்லை. பிராவோ த்ரீ போல ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர் கொண்ட டிரைவ் கனமான குடும்பப் படகுக்கு அருமை. அதிவேகத்தில் அதன் இழுவையே அதற்குத் தடை.

ஒரே எண் பொறித்த இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்புவதும் தவறு. வார்ப்பிலும் இறக்கை ஓரத்தின் வளைவிலும் சிறு வேறுபாடு இருக்கும். அந்த வளைவு, கப் என்பார்கள், கொஞ்சம் கூடினாலே பிட்ச் கூடியது போலத்தான். ஒன்று கல்லில் பட்டு வளைந்தால் அதை மட்டும் பழுது பார்க்கக் கொடுக்காமல், இரண்டையும் ஒரே கடையில் கொடுத்து அளந்து ஜோடி சேர்த்து வாங்குங்கள்.

இத்தனையும் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. படகு டிரெய்லரில் இருக்கும்போது, டிரைவின் சாய்வைக் காட்டும் ட்ரிம் மீட்டரில் இரண்டு டிரைவும் ஒரே அளவு காட்டும்படி வைத்து, இரண்டின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தால் புது ப்ரொப்பெல்லருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பழுது பெரும்பாலும் மீட்டரின் சென்சாரில் இருக்கும்.